9-2இல் இருந்து தோற்றவர் என்று மட்டும்தானா? பெட்ரிசா சோல்யா பற்றிப் பேசலாம்

மயிலை லெஃப்டி எழுதியது (ஞாயிறு, இரவு 9:50)

இன்று மதியம் வேறு எதையோ தேடப்போய், டோக்கியோ ஒலிம்பிக் டேபிள் டென்னிஸ் (டிடி) கலப்பு இரட்டையர் காலிறுதியை மறுபடி முழுக்கப் பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது. முடிவு தெரிந்தும் வயிற்றைப் பிசைகிறது.

பார்க்காதவர்களுக்காக: ஜெர்மனியின் பேட்ரிக் ஃபிரான்சிஸ்காவும் பெட்ரிசா சோல்யாவும் ஒரு பக்கம், ஜப்பானின் ஜுன் மிசுதானியும் மிமா இட்டோவும் மறுபக்கம். 3-3 ஆகி ஏழாவது கேம். அதில் ஜெர்மனி 9-2 முன்னிலை. இன்னும் இரண்டே புள்ளி. அங்கிருந்து ஏழு மேட்ச் பாயிண்ட் (இன்னும் ஒரு புள்ளி எடுத்தால் ஆட்டமே கையில்) வந்து, ஏழும் நழுவி, 16-14 என்று ஜப்பான் ஜெயித்தது. அதே ஜோடி அடுத்த நாள் இறுதிப்போட்டியில் சீனாவின் ஷு ஷின், லியு ஷிவென் ஜோடியை வீழ்த்தித் தங்கம் வாங்கியது. டேபிள் டென்னிஸில் ஜப்பான் வாங்கிய முதல் ஒலிம்பிக் தங்கம். டோக்கியோவில் சீனாவுக்குப் போகாத ஒரே டிடி தங்கமும் அதுதான்.

வீடியோவுக்குக் கீழே கருத்துகளைப் படித்தேன். "அந்த 9-2 பெண்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதற்கு நூற்றுக்கணக்கில் லைக். எனக்குச் சுருக்கென்றது. ஐரோப்பியச் சாம்பியன், உலகக் கோப்பைப் பதக்கம், ஒலிம்பிக் வெள்ளி எல்லாம் உள்ள ஒருவரின் மொத்த ஆட்டக்காலமும் ஒரு கேமின் கடைசிப் பத்து நிமிடத்துக்குள் சுருங்கிவிடுமா?

இன்னொரு காரணமும் இருக்கிறது. 2019 யூடிடியில் (நம் நாட்டு அல்டிமேட் டேபிள் டென்னிஸ் லீக்) அவர் நம் சென்னை லயன்ஸ் அணியில் ஆடினார். அந்த வருடம் கோப்பையும் நமக்கே. அதனால் கொஞ்சம் சொந்தக்காரப் பெண் போலத்தான் எனக்கு. அப்புறம் நானும் இடது கை. பாரபட்சம் உண்டு என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் எல்லாம் அவரை எப்படி நினைவில் வைத்திருக்கிறீர்கள்?


கீழ்க்கட்டளை ரவி எழுதியது (ஞாயிறு, இரவு 10:12)

சென்னை லயன்ஸ்! டெல்லி தியாகராஜ் அரங்கத்தில் நடந்ததை டிவியில்தான் பார்த்தேன். பெயர் சென்னை, ஆட்டம் மொத்தமும் டெல்லியில். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை. இறுதிப்போட்டியில் எதிரே டபாங் டெல்லி, அதில் நம் ஊர் ஆட்டக்காரர் சத்தியன். யாருக்குக் கை தட்டுவது என்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

சோல்யாவும் சரத் கமலும் கலப்பு இரட்டையர் ஆடியது நன்றாக நினைவிருக்கிறது. சரத் வலது கை, இவர் இடது கை. புதிதாகச் சேர்ந்த ஜோடி மாதிரியே இல்லை. இவர் சர்வீஸ் போட்டு ஒதுங்குவார், சரத் பின்னாலிருந்து வந்து ஃபோர்ஹேண்டில் ஒரு போடு போடுவார். முடிந்தது.


லாங் பிம்பிள் மணி எழுதியது (ஞாயிறு, இரவு 10:31)

கொண்டாட்டத்தைக் கெடுக்கிறேன், மன்னிக்கவும்.

9-2இல் இருந்து தோற்றால் அதைத்தான் பேசுவார்கள். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை. விளையாட்டு என்றால் கடைசிப் புள்ளியை எடுப்பதுதான். அதுவும் ஒலிம்பிக் காலிறுதியில். ஏழு மேட்ச் பாயிண்ட்! ஒன்று இரண்டு போனால் எதிராளியின் திறமை என்று விடலாம். ஏழும் போனால் கை நடுங்கியது என்றுதான் அர்த்தம். லெஃப்டி சார், நீங்கள் இடது கை என்பதால் அவருக்கு வக்கீலாக வர வேண்டியதில்லை.


மயிலை லெஃப்டி எழுதியது (ஞாயிறு, இரவு 11:05)

மணி, கை நடுங்குகிற ஆள் என்கிறீர்களா? அப்படியானால் ரியோ 2016 அணிப்போட்டி அரையிறுதியைப் பாருங்கள். அதே ஜெர்மனி, அதே ஜப்பான். முதல் ஆட்டமே சோல்யாவுக்கும் மிமா இட்டோவுக்கும். இட்டோவுக்கு அப்போது வயது பதினைந்து, உலகமே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்த நேரம். 2-2 ஆகி ஐந்தாவது கேமில் இட்டோ 9-3 முன்னிலை. அங்கிருந்து சோல்யா ஜெயித்தார்.

இதை அவசரமாகத் தாண்டிப் போகாதீர்கள். ஐந்து வருட இடைவெளியில் அதே இரண்டு பெண்கள். ஒருமுறை 3-9இல் இருந்து இவர் ஏறி வந்தார். அடுத்த முறை 9-2இல் இருந்து அவர் ஏறி வந்தார். இரண்டாவதைத்தான் எல்லோரும் பகிர்கிறார்கள்.

ரியோவில் அந்த ஆட்டம் போயிருந்தால் ஜெர்மனி கதை அங்கேயே முடிந்திருக்கும். ஜப்பானின் இஷிகாவா தன் இரண்டு ஒற்றையரையும் எடுத்துவிட்டார். இரட்டையரில் சோல்யாவும் ஷான் ஷியாவ்னாவும் ஜெயித்ததால் 2-2. கடைசி ஆட்டத்தில் ஜெர்மனியின் ஹான் யிங், ஜப்பானின் ஃபுகுஹாராவை ஐந்து கேம் இழுத்து வீழ்த்தினார். கடைசிப் புள்ளி மேசை விளிம்பில் உரசிப் போன பந்து. இறுதியில் சீனாவிடம் 0-3. ஆனாலும் வெள்ளி. ஜெர்மன் பெண்களுக்கு டிடியில் அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம்.


கணக்கு வாத்தியார் எழுதியது (திங்கள், காலை 6:20)

விடிந்ததும் இதைப் படித்தது தப்பு. பள்ளிக்குக் கிளம்பாமல் பேப்பரில் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு புள்ளியும் நாணயம் சுண்டுவது போல ஆளுக்குப் பாதி வாய்ப்பு என்று வைத்துக்கொள்வோம். நிஜத்தில் அப்படி இல்லை, அது தெரியும். ஓர் அளவுக்காகத்தான்.

2-9இல் இருப்பவர் ஜெயிக்க இரண்டு வழி. ஒன்று, ஒன்பது புள்ளியையும் தொடர்ந்து எடுப்பது. வாய்ப்பு 512இல் 1. மற்றது, அடுத்த ஒன்பது புள்ளியில் ஒன்றை மட்டும் விட்டு 10-10க்கு வந்து, டியூஸில் (இரண்டு புள்ளி வித்தியாசம் வரும்வரை ஆடி) ஜெயிப்பது. 10-10க்கு வர 512இல் 9. அங்கிருந்து பாதி. இரண்டையும் கூட்டினால் 512இல் ஐந்தரை. ஏறக்குறைய 93இல் ஒன்று.

3-9க்கும் இதே கணக்கு. எட்டும் தொடர்ந்து எடுக்க 256இல் 1. டியூஸ் வழியாக 256இல் 4. மொத்தம் 5. ஏறக்குறைய 51இல் ஒன்று.

ஆக, சோல்யா வாழ்க்கையில் 51இல் ஒன்று ஒருமுறை அவருக்குச் சாதகமாக விழுந்தது, 93இல் ஒன்று ஒருமுறை பாதகமாக விழுந்தது. நடுங்கியதா இல்லையா என்பதை நாணயம் சொல்லாது. ஆனால் "நடக்கவே முடியாதது நடந்தது" என்கிறார்களே, அது மிகை. அவ்வளவு வருடம், அவ்வளவு ஆட்டம் ஆடினால் எல்லோருக்கும் இப்படி ஒன்றிரண்டு வாய்க்கும். இவருக்கு வாய்த்த நாள்தான் மோசமான நாள்.


பிரியா ஆவடி எழுதியது (திங்கள், காலை 9:15)

வாத்தியார் சார் கணக்கு அருமை. ஆனால் டோக்கியோவில் ஜப்பானுக்குச் சொந்த மண், கூட்டத்தின் இரைச்சல் எல்லாம் சேர்த்தால் 93 கொஞ்சம் குறையுமே?


கீழ்க்கட்டளை ரவி எழுதியது (திங்கள், காலை 9:40)

கூட்டமே இல்லை அக்கா. கொரோனாவால் அந்த ஒலிம்பிக்கில் அரங்கத்துக்குள் ரசிகர்களை விடவில்லை. வீடியோவில் கேட்பதெல்லாம் பயிற்சியாளர்களும் சக ஆட்டக்காரர்களும் போடும் சத்தம். எனக்கு அந்த வெற்று நாற்காலிகளைப் பார்த்தாலே ஏதோ மாதிரி இருக்கும். இப்படி ஒரு ஆட்டம், பார்க்க ஆள் இல்லை.


சேலம் கோச் எழுதியது (திங்கள், மதியம் 1:30)

இரட்டையர் என்பதை எல்லோரும் மறந்துவிட்டுப் பேசுகிறீர்கள். 9-2இல் சோல்யா மட்டும் நிற்கவில்லை, பக்கத்தில் ஃபிரான்சிஸ்காவும் நின்றார். எதிரே இரண்டு பேர். டிடி இரட்டையரில் பேட்மிண்டன் மாதிரி யார் வேண்டுமானாலும் அடிக்க முடியாது, மாறி மாறித்தான் அடிக்க வேண்டும். அதனால் ஒரு கேம் முழுக்க யாருடைய பந்து யாருக்கு வரும் என்பது தீர்மானமாகிவிடும்.

இரண்டு வரிசைதான் சாத்தியம். ஒன்று: மிசுதானி அடித்ததை சோல்யா எடுத்து இட்டோவுக்கு அடிப்பார், இட்டோ அடித்ததை ஃபிரான்சிஸ்கா எடுத்து மிசுதானிக்கு அடிப்பார். மற்றது: இட்டோ அடித்தது சோல்யாவுக்கு, மிசுதானி அடித்தது ஃபிரான்சிஸ்காவுக்கு. கலப்பு இரட்டையரில் இரண்டாவது மாதிரி வந்தால் நல்லது என்பார்கள். ஏனென்றால் ஆணின் வேகப்பந்தை ஆணே வாங்கிக்கொள்வார், உங்கள் ஆண் அவர்கள் பெண்ணுக்கு அடிப்பார். ஒவ்வொரு கேமுக்கும் வரிசை மாறும். கடைசி கேமில் மட்டும், யாராவது 5 புள்ளி தொட்டதும் பக்கமும் மாறும், வரிசையும் மாறும்.

என் ஊகம் இதுதான்: நல்ல வரிசையில் ஜெர்மனி விறுவிறுவென்று ஏறியது, மாறியதும் சறுக்கியது. இதில் நடுக்கமும் இல்லை, நாணயமும் இல்லை.

அப்புறம் இட்டோவின் பேட். பேக்ஹேண்ட் பக்கம் ஷார்ட் பிம்பிள் ரப்பர், அதாவது குட்டிக் குட்டிப் புடைப்புகள் வெளியே தெரியும் ரப்பர். அதில் பட்டு வரும் பந்து சுழலாமல் தட்டையாக, தாழ்வாக வழுக்கிக்கொண்டு வரும். நீங்கள் டாப்ஸ்பின் (முன்னோக்கிச் சுழலும் பந்து) எதிர்பார்த்து பேட்டைச் சாய்த்தால் வலையில் விழும். ஒற்றையரில் அதற்குப் பழகிவிடலாம். இரட்டையரில் வரிசை மாறும்போதெல்லாம் ஒருமுறை மிசுதானியின் சுழல் பந்து, மறுமுறை இந்தப் பந்து என்று வருவதால் கை குழம்பும்.


லாங் பிம்பிள் மணி எழுதியது (திங்கள், மதியம் 2:10)

கோச் அண்ணே, பிம்பிள் பற்றிச் சொன்னதெல்லாம் சரி, என் குலதெய்வம் அது. ஆனால் வரிசை விஷயத்தில் இடிக்கிறது.

வரிசை மாறுவது 5இல். முதலில் 5 தொட்டது ஜெர்மனி. 9-2 வந்தபோது அவர்கள் ஏற்கெனவே மாறிய வரிசையில்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசையிலேயே நாலு புள்ளி எடுத்திருக்கிறார்கள். அதற்குள் ஜப்பான் எடுத்தது அதிகபட்சம் இரண்டு. ஆக, அந்த வரிசை ஜெர்மனிக்கு ஆகாத வரிசை என்று எப்படிச் சொல்வது?


சேலம் கோச் எழுதியது (திங்கள், மதியம் 2:25)

தம்பி சொல்வது சரிதான். நான் யோசிக்கவில்லை. வரிசையைக் காரணம் காட்டியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். பிம்பிளை வாங்கமாட்டேன்.

ஆனால் இதையும் சொல்ல வேண்டும்: மிசுதானியும் இட்டோவும் இவாத்தா என்ற ஒரே ஊர்க்காரர்கள். மிசுதானியின் பெற்றோர் நடத்திய கிளப்பில்தான் இட்டோ சின்ன வயதில் ஆடினார். அண்ணன் தங்கை மாதிரி. 2-9இல் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க அப்படிப்பட்ட ஜோடியால்தான் முடியும். இன்னொரு வேடிக்கை, மிசுதானி பதினான்கு வயதில் ஆட்டம் கற்கப் போன நாடே ஜெர்மனிதான்.


டார்ம்ஸ்டாட் குமரன் எழுதியது (திங்கள், இரவு 11:50)

இந்த விவாதத்தை இப்போதுதான் பார்க்கிறேன். எனக்கு சோல்யா என்றால் டோக்கியோவும் இல்லை, ரியோவும் இல்லை. லாங்ஸ்டாட்.

நான் இருப்பது டார்ம்ஸ்டாட். இங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் பாபன்ஹவுசன், அதைச் சேர்ந்த சின்ன ஊர் லாங்ஸ்டாட். நம் கணக்குக்கு ஒரு கிராமம். அந்த ஊர் கிளப்பின் பெண்கள் அணி பெரிய லீகில், அதாவது புண்டஸ்லிகாவில் ஆடுகிறது. சோல்யா அதற்கு முன் பெர்லின் ஈஸ்ட்சைடு அணியில் இருந்தார், ஐரோப்பாவின் பெரிய அணிகளில் ஒன்று. அங்கிருந்தவர் இந்தக் கிராமத்து அணிக்கு வந்து ஆடினார்.

ஒரு ஞாயிறு மதியம் போயிருந்தேன். பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடம் மாதிரி ஒரு ஹால். வாசலில் மேசை போட்டு, ஊர்ப் பெண்கள் வீட்டில் செய்த கேக்கும் காப்பியும் விற்றார்கள். எனக்கும் மேசைக்கும் நடுவில் ஒரு தடுப்புப் பலகைதான். டிவியில் பார்த்தால் டிடி ஏதோ மெதுவான ஆட்டம் போல இருக்கும். அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்தால் பயமாக இருக்கும். பந்து வருவது தெரியவில்லை, சத்தம்தான் கேட்கிறது. சோல்யாவின் பேக்ஹேண்ட் அப்படிப்பட்டது. பெரிதாக வீசவே மாட்டார். முழங்கை அசையாது, மணிக்கட்டில் ஒரு சொடுக்கு. அவ்வளவுதான், பந்து அந்தப் பக்கம் போய்விட்டிருக்கும்.

ஆட்டம் முடிந்ததும் சின்னப் பிள்ளைகள் அதே மேசையில் ஆட ஆரம்பித்துவிட்டார்கள். அவர் ஓரமாக உட்கார்ந்து ஷூ கழற்றிக்கொண்டிருந்தார். யாரும் மொய்க்கவில்லை. உலகக் கோப்பையில் வெண்கலம் வாங்கியவர்! 2015, சென்டாய். அங்கே ஜப்பான்காரர்கள் அரங்கம் நிறைய உட்கார்ந்து பார்த்திருப்பார்கள். இங்கே மொத்தமே நூறு பேர் இருக்கலாம், அதில் பாதிப் பேர் கேக்குக்கு வந்தவர்கள்.

பிறந்தது 1994இல், காண்டல் என்ற ஊரில். தென்மேற்கு மூலை, பிரான்ஸ் எல்லைக்குப் பக்கம். அக்கா அமேலியும் டிடிதான். அவர் ஆஸ்திரியாவுக்காக ஆடினார். அக்கா வெட்டி வெட்டித் தடுத்து ஆடும் ஆள், தங்கை அடித்து ஆடும் ஆள். வீட்டுக்குள்ளேயே எல்லா வகைப் பந்தும் கிடைத்திருக்கும்!


லாங் பிம்பிள் மணி எழுதியது (செவ்வாய், காலை 7:05)

குமரன் எழுதியதைப் படித்தபின் சண்டை போட மனசு வரவில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி. ரியோ வெள்ளி அணியில் மற்ற இருவரும் சீனாவில் பிறந்தவர்கள். ஜெர்மனியில் பிறந்தவர் சோல்யா ஒருவர்தான். அதை ஜெர்மன் சாதனை என்பதா?


டார்ம்ஸ்டாட் குமரன் எழுதியது (செவ்வாய், மதியம் 12:20)

இங்கேயும் இந்தக் கேள்வியை டீக்கடை மட்டத்தில் கேட்பவர்கள் உண்டு. என் பதில் கொஞ்சம் சொந்த அனுபவத்தில் இருந்து வரும், நானும் வெளியூரில் இருந்து வந்து வரி கட்டுபவன்.

ஹான் யிங் ஷென்யாங்கில் பிறந்தவர், ஷான் ஷியாவ்னா அன்ஷானில். இரண்டும் லியாவ்னிங் மாகாணம். இருவரும் பல வருடம் ஐரோப்பிய லீகுகளில் ஆடி, இங்கேயே வாழ்க்கை அமைத்துக்கொண்டவர்கள். அப்போதைய பெண்கள் பயிற்சியாளர் ஜி ஷோப் அம்மையாரும் சீனாவில் பிறந்து, ஜெர்மனிக்காக ஆடி, பிறகு பயிற்சியாளர் ஆனவர்தான். வந்தவர்கள் ஆடியதோடு நிற்கவில்லை, கற்றும் கொடுத்தார்கள். சோல்யா மாதிரி ஒருவர் இருபது வயதில் தினமும் ஹான் யிங்கின் தடுப்பாட்டத்துக்கும் ஷானின் ஆட்டத்துக்கும் எதிராக ஆடிப் பழக முடிந்தது. சீனாவுக்கு வெளியே எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

இன்னொன்று. 2021 ஜூனில் வார்சாவில் நடந்த ஐரோப்பியச் சாம்பியன்ஷிப் ஒற்றையர் இறுதியில் சோல்யா யாரை வென்று பட்டம் எடுத்தார் தெரியுமா? இதே ஷான் ஷியாவ்னாவைத்தான்.


மயிலை லெஃப்டி எழுதியது (செவ்வாய், மாலை 6:45)

குமரன், அந்த வார்சா விஷயத்தைத்தான் நான் அடுத்து எழுத இருந்தேன். தேதியைக் கவனியுங்கள். ஜூன் கடைசியில் ஐரோப்பாவிலேயே முதலிடம். ஜூலை 25, அந்த 9-2. நடுவில் ஒரு மாதம்தான். ஒற்றையரில் அவர் தொட்ட உச்சத்தையும் மறக்க முடியாத தோல்வியையும் ஒரே காலண்டர் தாளைக் கிழித்துக் கடந்துவிடலாம்.

அதற்கு முன் 2013இல் சபீன விண்டரோடு ஐரோப்பிய இரட்டையர் பட்டம், 2019இலும் 2020இலும் மோன்த்ரூவில் ஐரோப்பிய டாப் 16 பட்டம். கலப்பு இரட்டையரில் உலகச் சாம்பியன்ஷிப் வெண்கலம் இரண்டு. 2017இல் டுசல்டார்ஃபில் சீனாவின் ஃபாங் போவோடு. ஆமாம், சீன ஆட்டக்காரரோடு ஜோடி சேர்ந்து. 2019இல் புடாபெஸ்டில் ஃபிரான்சிஸ்காவோடு. அதே வருடம் மின்ஸ்க் ஐரோப்பிய விளையாட்டில் இருவரும் தங்கம் வாங்கித்தான் டோக்கியோவுக்கு இடம் பிடித்தார்கள். பிறகு அதே கோடையில் டெல்லிக்கு வந்து நம் லயன்ஸுக்கு ஆடினார்.

பட்டியல் போடுவது எனக்கே பிடிக்கவில்லை. ஆனால் மணி "கை நடுங்கியது" என்றதும் இதையெல்லாம் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டோக்கியோ அணிப்போட்டியையும் யாரும் பேசுவதில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகும் அவர் மறுபடி மேசைக்கு வந்து நின்றார். காலிறுதியில் கொரியாவை ஜெர்மனி 3-2 என்று வென்றது. அரையிறுதியில் சீனா, வெண்கல ஆட்டத்தில் ஹாங்காங் தோற்கடிக்க, நாலாவது இடம். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு முறை பதக்கத்துக்குப் பக்கத்தில் போய் வெறும் கையோடு திரும்பினார்.


தேன்மொழி எழுதியது (செவ்வாய், இரவு 9:30)

எனக்கு ஆட்ட நுணுக்கம் தெரியாது. என் மகள் ஆடுகிறாள், பதினொரு வயது, இடது கை. அதனால் இதைப் படித்துக்கொண்டிருக்கிறேன்.

என் மாமியார் இன்னும் அவளைச் சோற்றாங்கையால் எழுது என்று அதட்டுவார். பேட் பிடிக்கும்போது மட்டும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை, கோச் சார் "லெஃப்டி கிடைப்பது வரம்" என்றதால். அது நிஜமா, இல்லை என்னைச் சமாதானப்படுத்தச் சொன்னாரா?

அப்புறம் இன்னொன்று. சோல்யா ஏன் பாரிஸில் ஆடவில்லை? முப்பது வயதுதானே ஆகியிருந்தது? ஷான் நாற்பத்தொன்றில் ஆடினாரே!


சேலம் கோச் எழுதியது (புதன், காலை 8:10)

நிஜம்தான் அம்மா. மேசையில் பெரும்பாலோர் வலது கை. அவர்கள் பழகிய கோணம் எல்லாம் வலது கைக்கு எதிரானது. உங்கள் மகள் ஃபோர்ஹேண்டில் குறுக்காக அடித்தால், பந்து எதிராளியின் பேக்ஹேண்ட் மூலைக்கு வெளியே ஓடும். அவளுடைய சர்வீஸ் சுழலும் அவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். இரட்டையரில் இன்னும் வசதி. இடது கைக்காரரின் இயல்பான இடம் மேசையின் வலது பக்கம், வலது கைக்காரருக்கு இடது பக்கம். ஆளுக்கு ஒரு ஓரம். அடித்துவிட்டு அங்கேயே ஒதுங்கலாம், முட்டிக்கொள்ள வேண்டாம். இரண்டு வலது கை சேர்ந்தால் ஒருவர் பின்னால் ஒருவர் வட்டமடித்து ஓட வேண்டும். சோல்யாவும் ஃபிரான்சிஸ்காவும், சோல்யாவும் சரத்தும், இட்டோவும் மிசுதானியும், மூன்று ஜோடியிலும் ஒரு கை இடது. தற்செயல் இல்லை.

அவர் ஏன் நிறுத்தினார் என்பதை அவரிடமே விட்டுவிடுவோம். ஷான் மாதிரி நாற்பதுக்கு மேல் ஆடுவதுதான் அபூர்வம், முப்பதுக்குள் போதும் என்று வைப்பது அபூர்வம் இல்லை. சின்ன வயதிலேயே தொடங்கியவருக்கு முப்பது என்றால் இருபது வருடத்துக்கும் மேலான உழைப்பு.


பிரியா ஆவடி எழுதியது (புதன், காலை 10:00)

பாரிஸ் என்றதும் எனக்கு வயிற்றெரிச்சல். பெண்கள் அணிப்போட்டியில் இந்தியா முதல்முறையாகக் காலிறுதிக்குப் போய், அங்கே வந்து வாய்த்தது ஜெர்மனி. நினா மிட்டல்ஹாமுக்குக் காயம் என்று மாற்று ஆளாக இறங்கிய பதினெட்டு வயதுப் பெண் அனெட் கௌஃப்மான், மணிகாவையும் ஜெயித்து ஸ்ரீஜாவையும் ஜெயித்து நம்மை 3-1 என்று அனுப்பிவிட்டது. அர்ச்சனா மட்டும் ஷானை வென்றார். அந்தப் பெண்ணும் இடது கைதானே?


மயிலை லெஃப்டி எழுதியது (புதன், காலை 10:20)

இடது கையேதான். அரையிறுதியில் ஜப்பானின் மியு ஹிரானோவையும் 3-0 என்று சாய்த்தார். அணி தோற்றாலும் அந்த ஒரு ஆட்டம் அவருடையது. தேன்மொழி அம்மா, உங்கள் மாமியாருக்கு அந்த வீடியோவைக் காட்டுங்கள்.


கணக்கு வாத்தியார் எழுதியது (புதன், இரவு 8:40)

சேலம் கோச் சாருக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் மேசையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 9-2 என்று ஆரம்பித்து இருபது கேம் ஆடவிட்டு முடிவைச் சொல்ல முடியுமா? 93இல் ஒன்று என்றால் இருபதில் ஒன்றுகூட வராமல் போகத்தான் வாய்ப்பு அதிகம்.


சேலம் கோச் எழுதியது (ஞாயிறு, மாலை 7:15)

வாத்தியார் சொன்னபடி இன்று செய்தோம். இரண்டு மேசை, ஆறு பிள்ளைகள், ஆள் பற்றாததால் நானும். இருபது கேம். பத்தொன்பதில் 9-2 முன்னிலையில் இருந்தவரே ஜெயித்தார். பெரும்பாலானவை ஐந்தாறு புள்ளிக்குள் முடிந்துவிட்டன.

மீதி ஒன்றில் 9-2இல் நின்றது நான். எதிரே எட்டாம் வகுப்புப் பையன். 9-5 வரை சிரித்துக்கொண்டிருந்தேன். 9-7இல் மற்ற மேசையை நிறுத்திவிட்டு எல்லோரும் வந்து நின்றுகொண்டார்கள். 10-8 வந்தது, இரண்டு மேட்ச் பாயிண்ட். முதலாவதில் என் பந்து வலையில். இரண்டாவதில் அவன் பந்து மேசை விளிம்பில் உரசியது. 11-13.


லாங் பிம்பிள் மணி எழுதியது (ஞாயிறு, மாலை 7:20)

அண்ணே, கை நடுங்கியதா?


சேலம் கோச் எழுதியது (ஞாயிறு, மாலை 7:32)

நடுங்கவில்லை. ஆனால் 9-7இல் பேட் கொஞ்சம் கனமாகிவிட்டது. டைம்-அவுட் கேட்டேன். அம்பயராக இருந்த பையன் தண்ணீர் குடிக்கப் போயிருந்தான்.